ராஜா பத்திரம்! (செஸ் சந்தேகங்கள்: கேள்வி – பதில்)

கடிதங்களைப் பிரித்துப் படித்ததில் ஒன்று தெரிந்தது. 'எந்த ஓப்பனிங் படிக்கலாம்?' என்று கேட்காத ஆளே இல்லை. கூடவே சிலர் தாங்கள் தோற்ற ஆட்டங்களையும் மூவ் பை மூவ் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்றுகூட ஓப்பனிங் தெரியாததால் தோற்றதில்லை. பின்னே எதனால்? நடுவில் ஒரு விருதுநகர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

லஞ்ச் டயத்தில் மேனேஜர் செஸ் ஆடக் கூப்பிடுகிறார். ஜெயிக்கலாமா? இன்கிரிமென்ட் சமயம் சார்.
– ஓர் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட், திருப்பூர்

ஜெயித்தால் இன்கிரிமென்ட் போகும். வேண்டுமென்றே தோற்றால் மானம் போகும். ரெண்டும் போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் பெர்பெச்சுவல் செக்.

உங்கள் ராணி ஒரு பக்கமிருந்து செக் வைக்கும். அவர் ராஜா ஒதுங்கும். ராணி இன்னொரு பக்கம் போய் செக் வைக்கும். ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பும். மறுபடி முதல் செக். ஒரே நிலை, அதே ஆள் ஆட வேண்டிய முறையோடு, மூன்று தடவை வந்துவிட்டால் நீங்கள் டிரா கேட்கலாம். விதி கொடுத்த உரிமை அது. மேனேஜரின் சம்மதம் தேவையில்லை.

இது தமாஷுக்கு மட்டுமல்ல. ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் உங்கள் ராணி உயிரோடு இருக்கிறது, எதிராளியின் ராஜாவுக்கு முன்னால் சிப்பாய்கள் கலைந்து கிடக்கின்றன என்றால் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் இந்த வழி இருக்கிறதா பாருங்கள். யாரும் எதையும் வெட்டாமல், ஒரு சிப்பாய்கூட நகராமல் ஆளுக்கு 50 மூவ் போனாலும் டிரா கேட்கலாம். அதற்கு உங்கள் லஞ்ச் டைம் போதாது.

ரூம்மேட் 'செக்' என்றே சொல்லாமல் என் ராஜாவை வெட்டிவிட்டு, 'ஜெயிச்சாச்சு, டீ வாங்கு' என்கிறான். நியாயமா?
– மேன்ஷன்வாசி, திருவல்லிக்கேணி

நியாயம் ரெண்டு பேர் பக்கமும் இல்லை. 'செக்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சர்வதேச விதியில் எங்கும் கிடையாது. பெரிய போட்டிகளில் யாரும் சொல்வதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஆனால் ராஜாவை வெட்டுவதும் செஸ்ஸில் கிடையாது. ராஜா செக்கில் இருக்கும்போது அதைக் காப்பாற்றாமல் நீங்கள் வேறெதையோ நகர்த்தினீர்கள் அல்லவா, அது செல்லாத மூவ். காயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, செக்கிலிருந்து தப்பிக்கிற மூவ் ஒன்றை ஆட வேண்டும். போட்டியில் நிதானமான ஆட்டமாக இருந்தால், முதல் தடவைக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பார்கள். ரெண்டாவது தடவை அதே வேலை செய்தால் ஆட்டமே போச்சு. டீயை ஆளுக்குப் பாதியாகக் குடியுங்கள்.

காஸ்லிங் எப்போது செய்யலாம், எப்போது கூடாது? ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள்.
– மெடிக்கல் ரெப், திருச்சி

முதலில் ஓர் ஆறுதல். 1974-ல் மாஸ்கோவில் கார்ப்போவோடு ஆடிக்கொண்டிருந்த கோர்ச்னாய், 'என் யானை அடிபடுகிற மாதிரி இருக்கும்போது காஸ்லிங் செய்யலாமா?' என்று நடுவரிடமே போய்க் கேட்டார். அவர் உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். நீங்கள் கேட்பதில் வெட்கமே இல்லை.

பதில்: செய்யலாம். யானை அடிபட்டால் கவலையில்லை. விதி ராஜாவைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. நடுவில் எந்தக் காயும் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போது கூடாது. தாண்டிப் போகிற கட்டத்திலும் போய் நிற்கிற கட்டத்திலும் எதிரியின் அடி விழக் கூடாது. முன்னே எப்போதோ செக் வாங்கி, ராஜாவை நகர்த்தாமலே சமாளித்திருந்தால் உரிமை போகாது. 'ஒரு தடவை செக் வாங்கினா காஸ்லிங் கட்' என்பது கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் சொல்கிற விதி.

முதலில் ராஜாவைத் தொடுங்கள், பிறகு யானையை. யானையை முதலில் தொட்டால் போட்டியில் யானையைத்தான் நகர்த்தச் சொல்வார்கள்.

காஸ்லிங் முடிந்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் சுவர் மாதிரி நிற்கும். எதிரியின் யானை கடைசி வரிசைக்கு வந்து செக் வைத்தால் அந்தச் சுவரே ராஜாவுக்கு எமன். சமயம் பார்த்து ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு ஜன்னல் திறந்து வையுங்கள்.

என் சிப்பாய் ரெண்டு கட்டம் போனது. பக்கத்திலிருந்த சிப்பாய் காலிக் கட்டத்தில் குறுக்கே போய் நின்று, என் சிப்பாயை எடுத்துக்கொண்டது. கேட்டால் 'ரூல் இருக்கு' என்கிறார்கள். சண்டையாகிவிட்டது.
– கூரியர் ஆபீஸ் ஊழியர், சேலம்

ரூல் இருக்கிறது. சமாதானமாகப் போங்கள். அதற்குப் பெயர் ஆன் பாஸான். பிரெஞ்சு வார்த்தை. 'போகிற போக்கில்' என்று அர்த்தம்.

ஆதியில் சிப்பாய்க்கு ஒரு கட்டம்தான். ஆட்டம் ஆமை வேகத்தில் போகிறது என்று ஐரோப்பாவில் முதல் மூவுக்கு மட்டும் ரெண்டு கட்டம் அனுமதித்தார்கள். அதனால் ஒரு சிக்கல் வந்தது. எதிரிச் சிப்பாய் ஐந்தாவது வரிசையில் காவல் நிற்கிறது. ஒரு கட்டம் போனால் வெட்டுவான் என்று தெரிந்து, ரெண்டாகத் தாண்டி அவன் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வது செக்போஸ்ட்டில் நிற்காமல் லாரி ஓட்டுவது மாதிரி. அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஒரு கட்டம்தான் போனதாக வைத்துக்கொண்டு வெட்டலாம். ஆனால் அடுத்த மூவிலேயே வெட்ட வேண்டும். ஒரு மூவ் தாமதித்தால் உரிமை போய்விடும். சிப்பாயைச் சிப்பாய் மட்டும்தான் இப்படி வெட்டலாம்.

நாலே மூவில் என்னை மேட் செய்துவிடுகிறான் பக்கத்து சீட்காரன். தினமும்!
– டைப்பிஸ்ட், நாகர்கோவில்

தினமும் என்றால் அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் ராஜாவுக்குப் பக்கத்தில் பிஷப் இருக்கிறதே, அதற்கு முன்னால் நிற்கிற சிப்பாயைப் பாருங்கள். எஃப்7 கட்டம். ஆரம்பத்தில் அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. அவன் பிஷப்பும் ராணியும் சேர்ந்து அங்கேதான் குறி வைக்கின்றன.

மருந்து: நடுவில் இருக்கிற உங்கள் இ5 சிப்பாய்க்குக் காவலாக முதலில் ராணி பக்கத்துக் குதிரையை சி6-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு அவன் ராணி ஹெச்5-ல் நின்று முறைத்தால் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்கள். ராணி நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்3-க்குப் போய் மறுபடி அதே இடத்தைக் குறி வைக்கும். உங்கள் இன்னொரு குதிரையை எஃப்6-ல் வைத்து வழியை அடையுங்கள். கதை முடிந்தது. உங்கள் குதிரைகள் ரெண்டும் வெளியே வந்தாச்சு. அவன் ராணி தெருத்தெருவாக அலைந்ததுதான் மிச்சம்.

வரிசை முக்கியம். குதிரை காவலுக்கு வருவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு ஜி சிப்பாயைத் தள்ளினால், ராணி இ5 சிப்பாயை வெட்டி செக் வைக்கும். அதே அடியில் மூலையிலுள்ள யானையும் போகும்.

சிசிலியன், ரூய் லோபஸ் என்று கடையில் தடித் தடியாகப் புத்தகங்கள். எதை வாங்கலாம்?
– பி.காம். முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருப்பவர், கரூர்

வேலை கிடைத்ததும் வாங்கலாம். இப்போதைக்கு மூன்று காரியம் போதும். நடுவில் ஒரு சிப்பாயையாவது நிறுத்துங்கள். குதிரை, பிஷப் நாலையும் வீட்டிலிருந்து கிளப்புங்கள். காஸ்லிங் செய்யுங்கள். இது முடிகிறவரை ஒரே காயை ரெண்டு தடவை நகர்த்த வேண்டாம், தகுந்த காரணம் இருந்தாலொழிய.

குதிரையை ஏன் நடுப்பக்கம் வைக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் நிற்கிற குதிரைக்கு 8 கட்டம். ஓரத்தில் நின்றால் அதிகபட்சம் 4. மூலையில் 2. சம்பளம் ஒன்றுதான், வேலை கால்வாசி.

நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருப்பேன். திடீரென்று ஒரு காய் சும்மா போய்விடும். அப்புறம் எல்லாம் போய்விடும். எனக்கு இதற்கான மூளை இல்லையோ? ஆட்டத்தையே விட்டுவிடலாமா?
– பேங்க் கிளார்க், விருதுநகர்

வந்ததிலேயே முக்கியமான கடிதம் உங்களுடையதுதான் சார். மற்றவர்கள் ஓப்பனிங்கில் தேடுவதை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள்.

மூளையைப் பற்றி முதலில். 2006 நவம்பர், ஜெர்மனியில் பான் நகரம். உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டரோடு ஆடுகிறார். நிலைமை அவருக்கு மோசமில்லை. ராணியை எடுத்து மெதுவாக ஒரு கட்டத்தில் வைத்தார். அடுத்த மூவில் கம்ப்யூட்டர் மேட் செய்துவிட்டது. நாலு மூவ் தள்ளி இல்லை, ஒரே மூவில்! சாயங்காலம் கற்றுக்கொண்ட பையனுக்குக்கூடத் தெரிகிற மேட். அவருக்கு மூளை இல்லை என்று சொல்வோமா? ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளும் தன்னுடைய யோசனையிலேயே இருந்தார். எதிரே என்ன வருகிறது என்று அந்த ஒரு நிமிஷம் பார்க்கவில்லை.

இன்னொன்று. 1972, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக். ஃபிஷர் – ஸ்பாஸ்கி உலக சாம்பியன்ஷிப், முதல் ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஓரத்தில் சும்மா நின்ற ஒரு சிப்பாயை ஃபிஷரின் பிஷப் போய் வெட்டியது. ஸ்பாஸ்கி பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பிஷப் திரும்பி வர வழியில்லை. ஃபிஷர் அந்த ஆட்டத்தில் தோற்றார். (பிறகு 12.5 – 8.5 என்று சாம்பியன்ஷிப்பை அவர்தான் வாங்கினார். ஒரு பிஷப்புக்காக யாரும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்கவும்.)

நீங்கள் அனுப்பிய ரெண்டு ஆட்டத்தையும் போர்டில் வைத்துப் பார்த்தேன். ரெண்டிலும் உங்கள் காய் போன இடத்துக்கு ஒரு மூவ் முன்னால், எதிராளி அதைக் குறி வைத்து ஒரு காயை நகர்த்தியிருக்கிறார். ஒளித்து வைத்தெல்லாம் இல்லை, பட்டப்பகலில். நீங்கள் அதைப் பார்க்காமல் உங்கள் தாக்குதலைத் தொடர்ந்திருக்கிறீர்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. எதிராளி மூவ் வைத்ததும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'இதை ஏன் வைத்தான்?' என்று மனசுக்குள் கேளுங்கள். அந்தக் காய் இப்போது எதை அடிக்கிறது? அது நகர்ந்ததால் பின்னாலிருந்த எந்தக் காய்க்கு வழி திறந்தது? அது விட்டுவந்த இடத்தில் எது காவலில்லாமல் நிற்கிறது? முதல் ரெண்டும் உங்களைக் காப்பாற்றும். மூன்றாவது உங்களுக்குச் சாப்பாடு போடும். பிறகு உங்கள் மூவை முடிவு செய்துவிட்டு, கையை எடுக்குமுன் கடைசியாக ஒன்று: 'நான் இதை வைத்தால் அவன் எங்கே செக் வைக்க முடியும், எதை வெட்ட முடியும்?'

ஒரு பாக்கெட் டைரி வாங்குங்கள். அடுத்த பத்து ஆட்டத்தில் சும்மா போன ஒவ்வொரு காயையும் குறித்து வையுங்கள். எந்தக் காய், எத்தனையாவது மூவ், எதிராளியின் எந்தக் காய் அடித்தது. பேங்கில் தினமும் கணக்கு டேலி செய்கிறவர் நீங்கள். உங்கள் பணம் எந்தக் கவுன்ட்டரில் ஒழுகுகிறது என்று பத்தாவது ஆட்டத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். குதிரையிடமா, தூரத்தில் நிற்கிற பிஷப்பிடமா என்று பார்த்து அதை அடைத்தால் போதும். விட வேண்டாம்.

சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9 மார்க் என்று படித்தேன். குதிரையையும் பிஷப்பையும் கொடுத்து யானையும் சிப்பாயும் வாங்கினேன். 6-க்கு 6. அப்படியும் தோற்றேன்.
– எல்.ஐ.சி. ஏஜென்ட், கும்பகோணம்

கூட்டல் சரி, பாலிசி தப்பு. காஸ்லிங் செய்த ராஜாவின் பக்கத்தில், எஃப்7-ல் குதிரையால் வெட்டி, யானை வெட்ட, பிஷப்பால் வெட்டி, ராஜா வெட்ட... இதுதானே? தமிழ்நாட்டில் பாதிப் பேர் செய்வது இது.

நீங்கள் கொடுத்தது வெளியே வந்து வேலை செய்துகொண்டிருந்த ரெண்டு காய்கள். வாங்கியது மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு யானை. யானைக்கு வேலை வர நீள் வரிசை திறக்க வேண்டும். அது ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் நடக்கும். அதுவரை அவரிடம் உங்களைவிட ரெண்டு வேலைக்காரர்கள் அதிகம். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டத்தை அடித்தால் உங்கள் ஒரு யானை எப்படிக் காவல் காக்கும்? மார்க் என்பது சந்தை விலை மாதிரி. சீசனையும் பார்க்க வேண்டும்.

பிஷப்பை எங்கள் ஊரில் 'மந்திரி' என்கிறோம். வடக்கே போனால் 'ஊண்ட்', அதாவது ஒட்டகம் என்கிறார்கள். எது சரி?
– ரயில்வே ஊழியர், அரக்கோணம்

எதுவும் தப்பில்லை. எல்லாம் இடம் மாறி வந்த பெயர்கள். சதுரங்கம் என்றால் நாலு அங்கம்: யானை, குதிரை, தேர், காலாள். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. அவருக்குக் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் அதிகாரம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அவருக்கு எல்லாப் பக்கமும் ஓடும் சக்தி கிடைத்தபோது, அவர் அங்கே ஏற்கெனவே ராணியாகியிருந்தார். இன்றைய பிஷப் அந்தக் காலத்து யானை. அரபியில் 'அல் ஃபீல்' என்றால் யானை. ஸ்பானிஷ்காரர்கள் இன்றைக்கும் பிஷப்பை 'அல்ஃபில்' என்றே சொல்கிறார்கள். பதவி மாறினாலும் பெயர்ப் பலகையை மாற்றாத ஆபீஸ் இது.

ராணி இருக்கிறது, எதிரியிடம் ராஜா மட்டும்தான். ஸ்டேல்மேட் ஆகி டிரா என்கிறார்கள். அநியாயம் இல்லையா?
– பாலிடெக்னிக் மாணவர், மதுரை

ஜெயித்த ஆட்டத்தை முடிக்கத் தெரியாதவருக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக் இல்லை, ஆனால் நகர ஒரு மூவும் இல்லை என்றால் டிரா.

ஓர் அடையாளம் ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி விபத்து தவிரும். எதிரி ராஜா மூலையில் இருக்கும்போது உங்கள் ராணி குதிரை தாவும் தூரத்தில் நின்றால் ஸ்டேல்மேட். ராஜா ஏ8, ராணி பி6 என்று வைத்துப் பாருங்கள். மூன்று கட்டமும் அடைபட்டிருக்கும், செக் மட்டும் இருக்காது.

புதியவர்கள் முதலில் ரெண்டு யானையை வைத்து மேட் செய்யப் பழகலாம். ஒரு யானை நாலாவது வரிசையில் வேலி. இன்னொன்று ஐந்தில் செக். ராஜா ஆறுக்குப் போகும். வேலியிலிருந்த யானை ஆறில் வந்து செக். இப்படி ஏணி மாதிரி மாறி மாறி ஏறினால் எட்டாவது வரிசையில் மேட். ராஜா ஒரு யானையை வெட்டப் பக்கத்தில் வந்தால், அந்த யானையை அதே வரிசையின் மறுகோடிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒரு காய் அதிகமாக இருக்கிறது. அடுத்து என்ன செய்வதென்று புரியாமல் கடைசியில் தோற்கிறேன்.
– சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், கோயம்புத்தூர்

மாற்றிக்கொள்ளுங்கள். குதிரைக்குக் குதிரை, யானைக்கு யானை. ஐந்துக்கு நாலு என்றால் சண்டை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்றால் தீர்ப்பு. பின்தங்கியிருக்கிறவர் நேர் எதிராகச் செய்ய வேண்டும்: சிப்பாய்களை மாற்றலாம், காய்களை மாற்றக் கூடாது.

இது புதியவர்களுக்கான பாடம் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். நம் சென்னைப் பையன் குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் டிங் லிரென் டிரா செய்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 55-வது மூவில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ளும்படி கொண்டுவந்து வைத்தார். குகேஷ் வெட்டினார். அடுத்து பிஷப்பையும் மாற்றும்படி நிறுத்தினார். டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருந்தது, தப்பிக்க இடமில்லை. ரெண்டு மாற்றமும் முடிந்தால் மிச்சம் ராஜாவும் சிப்பாயும். அதில் ஒரு சிப்பாய் அதிகம் என்பது ஜெயிக்கப் போதுமாக இருந்தது. 18 வயதில் உலக சாம்பியன்.

குகேஷ் அந்த யானையைப் பார்த்ததும் உடனே கை நீட்டவில்லை என்பதையும் வீடியோவில் பாருங்கள். உறுதி செய்துகொண்டுதான் ஆடினார்.

ராத்திரி ரெண்டு மணி வரை மொபைலில் 3 நிமிட ஆட்டம். நூற்றுக்கணக்கில் ஆடிவிட்டேன். முன்னேற்றமே இல்லை. ஆபீஸில் தூக்கம் மட்டும் முன்னேறியிருக்கிறது.
– சாஃப்ட்வேர் ஊழியர், தாம்பரம்

கணக்குப் போடுவோம். 3 நிமிடம் என்றால் 180 விநாடி. ஓர் ஆட்டத்துக்கு 40 மூவ் என்று வைத்தால் மூவுக்கு நாலரை விநாடி. அதற்குள் 'இதை ஏன் வைத்தான்?' என்று கேட்கவே நேரம் போதாது. எனவே நீங்கள் கற்றுக்கொள்வது செஸ் இல்லை, பழைய தப்பை வேகமாகச் செய்வது.

ஒரு நாளைக்கு ஒரே ஓர் ஆட்டம். ஆளுக்கு 15 நிமிடமாவது. முடிந்ததும் முதலில் நீங்களே, எங்கே தடம் புரண்டது என்று தேடுங்கள். பிறகு கம்ப்யூட்டரிடம் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அது சரியான மூவைச் சொல்லும், நீங்கள் ஏன் தப்பாக யோசித்தீர்கள் என்று சொல்லாது. 1997-ல் டீப் ப்ளூ 3.5 – 2.5 என்று காஸ்பரோவையே தோற்கடித்தது. அதற்குச் செஸ் தெரியும், உங்களைத் தெரியாது. பதினொன்றுக்கு விளக்கை அணையுங்கள்.

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்று கேன்டீனில் தகராறு. நட்பு ஆட்டத்துக்குமா இது?
– ஃபாக்டரி ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஓசூர்

ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் பேசினால் தகராறுதான். போட்டி விதிப்படி தொட்டால் ஆட வேண்டும். கையை எடுத்துவிட்டால் அந்தக் கட்டம்தான் முடிவு. காயை நேராக வைக்க மட்டும் தொடுவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

1994-ல் ஸ்பெயினின் லினாரெஸில், காஸ்பரோவ் ஒரு குதிரையை வைத்துவிட்டு மனசு மாறி வேறு கட்டத்தில் வைத்தார். எதிரே 17 வயது ஜுடித் போல்கார். விரல் ஒரு கணம் காயை விட்டது வீடியோவில் தெரிந்தது. அந்தப் பெண் அப்போது தகராறு செய்யவில்லை, ஆட்டத்தில் தோற்றார். 2002-ல் மாஸ்கோவில் ஒரு ராப்பிட் ஆட்டத்தில் காஸ்பரோவைத் தோற்கடித்தார். கேன்டீனுக்கு இந்த வழி நல்லது.

செஸ் ஆடினால் மூளை வளருமா? பிரமோஷன் கிடைக்குமா?
– யு.டி. கிளார்க், வேலூர்

செஸ் ஆடினால் செஸ் நன்றாக வரும். பிரமோஷன் எட்டாவது வரிசைக்குப் போகிற சிப்பாய்க்கு மட்டும்தான் உறுதி.

அப்பாதான் எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் ஆட்டத்தில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான். யானை வீட்டுக்குப் போன சிப்பாய் யானையாகத்தான் ஆகும். ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். மொபைலில் பார்த்த விதியைச் சொன்னால், 'நான் சொல்லிக்கொடுத்தது தப்பா?' என்று கோபித்துக்கொண்டு போர்டை மூடி வைத்துவிட்டார். ரெண்டு மாதமாக ஆடவில்லை. ரிட்டையர் ஆனவர். என்ன செய்ய?
– ஜூனியர் அசிஸ்டென்ட், புதுக்கோட்டை

முதலில் அப்பாவிடம் போய், அவர் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். அது நம் நாட்டுச் செஸ். சர்வதேச விதி பரவுவதற்கு முன் இந்தியாவில் பல இடங்களில் இப்படித்தான் ஆடினார்கள். ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசங்கள் உண்டு.

மீர் சுல்தான் கான் என்று பஞ்சாப்காரர் ஒருவர். அவர் கற்றுக்கொண்டதும் அந்த மாதிரி ஆட்டம்தான், சிப்பாய்க்கு ஒரு கட்டம். வளர்ந்த பிறகுதான் ஐரோப்பிய விதிக்கு மாறினார். 1929-ல் இங்கிலாந்து போய், அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் அவர்தான். ஹேஸ்டிங்ஸில் 1930–31 போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவைத் தோற்கடித்தார். பிறகு ஊர் திரும்பியவர், 1966-ல் காலமானார். 2024-ல்தான் சர்வதேச செஸ் சங்கம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். 'நீங்க சொல்லிக்கொடுத்த ஆட்டத்திலிருந்து வந்த ஆளுப்பா' என்று சொல்லுங்கள்.

பிறகு போர்டை எடுத்து வையுங்கள். முதல் ஆட்டம் அவர் விதிப்படி. ரெண்டாவது புது விதிப்படி, அவருக்கு இஷ்டமிருந்தால். அவர் விதியில் ஆட்டம் மெதுவாகப் போகும். அவசரமில்லாமல் யோசிக்க உங்களுக்கும் அதுதான் நல்ல பயிற்சி. அந்த விதிகளை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். புத்தகக் கடையில் அது கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.

வயது 27. போன வருஷம்தான் கற்றுக்கொண்டேன். கிராண்ட்மாஸ்டர் ஆக முடியுமா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– டிப்ளமா மெக்கானிக்கல், ராணிப்பேட்டை

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2500 ரேட்டிங் வேண்டும். பலமான போட்டிகளில் மூன்று நார்ம் வாங்க வேண்டும். குகேஷ் இதை 2019-ல், 12 வயதில் முடித்தார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது ஆனந்துக்கு உங்கள் வயதுகூட இல்லை.

ஆனால் உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கதவு இருக்கிறது. சர்வதேச ரேட்டிங் பட்டியல் 1400-லிருந்து ஆரம்பிக்கிறது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடி, கணக்கு அந்த அளவுக்கு வந்தால் உங்கள் பெயரும் அதே பட்டியலில், குகேஷ் பெயர் இருக்கிற பட்டியலில் வரும். கீழேதான். இருந்தாலும் அதே பட்டியல். காய்களைச் சும்மா கொடுப்பதை நிறுத்தினாலே அந்தப் பக்கம் பாதி தூரம் போய்விடலாம்.

ஒரு ஓப்பன் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். கடைசி போர்டுகளில் உட்கார வைப்பார்கள். எதிரே, கால் தரையில் எட்டாத ஒரு மூன்றாம் கிளாஸ் பையன் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பான். இருபது மூவில் உங்களை முடித்துவிடுவான். கோபப்படாமல் கை கொடுத்துவிட்டு, 'தம்பி, அண்ணன் எங்கே விட்டேன்?' என்று கேளுங்கள். சரியாகக் காட்டுவான். ஃபீஸ் கிடையாது.